பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பி.டி.ஓ.வைப் பாருங்கள்

கேள்வி: எட்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம் எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. பல வருடமாக அதில் மாடு இறங்கவில்லை. புல் இடுப்புயரம் நிற்கிறது. நடுநடுவே முள்புதர், கட்டைவிரல் பருமனில் மரக்கன்றுகள். வெட்டிச் சீராக்கப் பழைய டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்று இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1951-ஆம் வருடத்து ஃபோர்டு 8என். புதுப் பெயின்ட், தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது, ஐந்தடி ரோட்டரி ஸ்லாஷரும் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல், புதர் வெட்டும் கருவி) சேர்த்துத் தருகிறார்கள். இன்னொன்று 1969-ஆம் வருடத்து மாஸி ஃபெர்குசன் 135 டீசல். பெயின்ட் போய், பானெட் நசுங்கி, பார்க்கவே பாவமாக இருக்கிறது. விலையும் கொஞ்சம் கூடுதல். என் மனம் 8என் பக்கம்தான் போகிறது. எதை வைத்து முடிவு செய்வது? – ஒரு வாசகி

பதில்: முடிவு செய்யும்முன் இரண்டு வண்டிக்கும் பின்னால் போய் நில்லுங்கள். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் பானெட்டைத் திறந்துதான் ஆரம்பிக்கிறார்கள். உழவுக்கு வாங்கினால் அது சரி. புல் வெட்ட வாங்கும் வண்டியில் முதலில் தெரிய வேண்டியது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப்) தண்டுக்கு, அதாவது இன்ஜின் விசையை ஸ்லாஷர் போன்ற கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டுக்கு, விசை எந்த வழியாக வருகிறது என்பதுதான்.

8என் மோசமான வண்டி இல்லை. 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். அமைப்பு எளிது, பட்டறை அனுபவம் கொஞ்சம் இருந்தால் வீட்டிலேயே பிரித்து மாட்டலாம். ஆனால் அதன் பி.டி.ஓ. கியர்பெட்டி வழியாகத்தான் சுழல்கிறது. கிளட்ச்சை மிதித்தால் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் இன்ஜின் விசை ஒன்றாக நின்றுபோகும்.

இதில் இரண்டு தொல்லை. முதலாவது ஆபத்தானது. ஸ்லாஷரின் கத்திகள் கனமானவை. நீங்கள் கிளட்ச்சை மிதித்த பிறகும் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த வேகம் தண்டு வழியாகத் திரும்பிக் கியர்பெட்டிக்குள் வந்து பின்சக்கரங்களை உருட்டும். நிறுத்துகிறோம் என்று நினைத்துக் காலை அழுத்தியிருப்பீர்கள், வண்டி வேலியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு மருந்து உண்டு. ஓவர்ரன்னிங் கிளட்ச் என்று ஒரு கப்ளிங் விற்கிறார்கள். அது தண்டு ஒரு பக்கம் விசை தரவிடும், எதிர்ப்பக்கம் தள்ளவிடாது. 8என் தண்டு 1⅛ அங்குலம். இன்றைய ஸ்லாஷர்கள் 1⅜ அங்குலத்துக்கு வருகின்றன. இரண்டையும் இணைக்கிற மாதிரியே இந்தக் கப்ளிங் கிடைக்கும். மாட்டினால் நீளம் கூடும், ஆகவே ஸ்லாஷரின் தண்டை அந்த அளவுக்கு வெட்டிக் குறைக்க வேண்டும். வெட்டாமல் மாட்டி, லிப்ட்டை (ஸ்லாஷரைத் தூக்கி இறக்கும் பின்கைகளை) தூக்கினால் தண்டு முட்டி உடையும்.

இரண்டாவது தொல்லைக்குக் கப்ளிங்கும் உதவாது. அடர்ந்த புல்லில் போகும்போது கத்தி திணறும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது, வண்டியை நிறுத்திக் கத்தியை மட்டும் சுழலவிட்டு முன்னால் உள்ளதை அது மென்று முடிக்கக் காத்திருப்பது. 8என்-இல் கிளட்ச்சை மிதித்தாலே கத்திக்கும் விசை போய்விடுகிறதே! இன்ஜின் வேகத்தைக் குறைத்து மெதுவாகப் போகலாமா என்றால், கத்தியும் சேர்ந்து மெதுவாகிவிடும். புல்லை வெட்டாமல் படுக்கப் போடும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற 8என் இன்ஜின் 1500 வாக்கில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் முதல் கியரே ஆள் நடக்கும் வேகத்துக்குப் போகிறது. இடுப்புயரப் புல்லுக்கு அது அதிகம். ஷெர்மன் என்ற துணைக் கியர்பெட்டி மாட்டிய 8என்-கள் உண்டு. அதிலும் வேகத்தைக் குறைக்கும் வகை இருந்தால் கதையே வேறு. விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். என்ன கேட்கிறீர்கள் என்றே அவருக்குப் புரியாவிட்டால், இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பாவப்பட்ட 135-க்கு வருகிறேன். 1964-இல் வந்த மாடல். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல், பி.டி.ஓ.வில் 35 குதிரைத்திறனுக்கு மேல் கிடைக்கும். 8என்-இல் நல்ல நிலையில் இருந்தாலே 25 வாக்கில்தான். ஸ்லாஷருக்கு அகலத்தில் அடிக்கு ஐந்து குதிரைத்திறன் என்று நாங்கள் பட்டறையில் கணக்கு வைப்போம். ஐந்தடி ஸ்லாஷர் 8என்-க்கு எல்லைக்கோடு. 135-க்குக் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஆனால் 135 என்று பெயர்ப் பலகையில் இருந்தால் மட்டும் போதாது. ஒற்றைக் கிளட்ச்சோடும் வந்தது, இரட்டைக் கிளட்ச்சோடும் வந்தது. உங்களுக்கு வேண்டியது இரட்டை. கண்டுபிடிப்பது சுலபம். ஸ்லாஷர் எதுவும் மாட்டாமல், தண்டுப் பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, பி.டி.ஓ.வைப் போட்டு முதல் கியரில் மெதுவாக நகர்த்துங்கள். கிளட்ச்சைப் பாதி மிதியுங்கள். வண்டி நின்று, தண்டு சுழன்றுகொண்டே இருந்தால் இரட்டைக் கிளட்ச், அதுவும் வேலை செய்கிறது. முழுக்க மிதித்தால் தண்டும் நிற்க வேண்டும். பாதியிலேயே இரண்டும் நின்றால், ஒன்று அது ஒற்றைக் கிளட்ச், இல்லையென்றால் சரிசெய்கை கெட்டுப் போயிருக்கிறது. இரண்டாவது என்று விற்பவர் சொன்னால், சரிசெய்து காட்டட்டும், அப்புறம் பேசலாம். கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும், அது சின்ன வேலை இல்லை.

உங்கள் நிலத்தில் சரிவு இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் 135-இல் மல்ட்டிபவர் (கிளட்ச்சை மிதிக்காமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வசதியில் தாழ்நிலையில் போட்டு இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, சும்மா உருளும். பின்னால் ஸ்லாஷர் பாரம் வேறு. தெரிந்து ஓட்டினால் பயமில்லை.

இனி இரண்டுக்கும் பொதுவானது. போகும்போது முன்கூட்டி நேரம் சொல்லாதீர்கள். போனதும் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை டீ குடியுங்கள், அல்லது இன்னொரு நாள் வாருங்கள். ‘தொட்டதும் ஸ்டார்ட்’ என்பது குளிர்ந்த இன்ஜினில் நடந்தால்தான் அர்த்தம். டீசல் வண்டிக்கு ஈதர் ஸ்ப்ரே அடித்துத் தூண்டினால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) போயிருக்கலாம். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. எண்ணெய் நிரப்பும் மூடியைத் திறந்து பாருங்கள். பொங்கிப் பொங்கிப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

கியர்பெட்டி, டிபரென்ஷியல் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். வெளியில் நின்ற வண்டிகளில் கியர் லீவர் ரப்பர் கிழிந்து மழை இறங்கியிருக்கும். உடனே மாற்றிவிட்டால் சமாளிக்கலாம், பல வருடம் அப்படியே ஓடியிருந்தால் பேரிங் போயிருக்கும்.

லிப்ட்டில் ஸ்லாஷரைத் தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். மெல்ல இறங்கினால் சீல் தேய்வு. சட்டென்று விழுந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். (8என்-இல் ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ. தண்டோடு சேர்ந்து சுற்றுவது. பி.டி.ஓ.வைப் போடாமல் லிப்ட் எழவில்லை என்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கிளட்ச்சை மிதித்தபடி லிப்ட்டைத் தூக்கவும் முடியாது.)

பிரேக்கை இடம் வலமாகத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பின்அச்சு சீல் கசிந்தால் பிரேக் ஷூவில் எண்ணெய் படிந்து ஒரு பக்கம் பிடிக்காது. பின்சக்கர ரிம்மில் காற்று வால்வைச் சுற்றித் துருப் பொடி இருந்தால், எடைக்காக டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றியிருந்திருக்கிறார்கள், ரிம் அரித்திருக்கும். 8என்-இன் புதுப் பெயின்ட் அங்கே கொப்பளித்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஸ்டியரிங்கில் ஆட்டம் எந்தப் பழைய டிராக்டரிலும் இருக்கும், அதற்காக மனம் தளராதீர்கள். ஓடவிட்டு அரை மணி நேரமாவது வேலை வாங்குங்கள். புல் வெட்டும்போது விதையும் தூசியும் ரேடியேட்டரை அடைக்கும். ஏற்கெனவே உள்ளே பாதி அடைந்திருக்கும் வண்டி முதல் ஏக்கரிலேயே கொதிக்கும்.

இரண்டு வண்டிக்குமே, கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்புயரப் புல்லுக்குள் பள்ளமும் கட்டையும் கண்ணுக்குத் தெரியாது. சோதித்துத் தரச்சான்று பெற்ற சட்டம் 135-க்குக் கிடைத்தால் வாங்கி மாட்டி, கூடவே பெல்ட்டும் போடுங்கள். பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் வைத்ததை நம்பாதீர்கள். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் மட்டும் மாட்டுவதும் கூடாது.

என் சிபாரிசு: இரட்டைக் கிளட்ச் வேலை செய்தால் 135. பானெட் நசுங்கல் புல்லைக் கவலைப்படுத்தாது. 8என்-ஐத்தான் வாங்குவேன் என்றால், முதல் வெட்டை வாடகைக்குப் பெரிய இயந்திரம் வைத்து முடித்துவிட்டு, பிறகு வருடா வருடம் பராமரிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அது போதும்.

கூடவே தருகிற ஸ்லாஷரை எடுக்கலாமா என்பதற்கு, அதன் கியர்பெட்டி அருகில் தண்டு சேரும் இடத்தில் இருக்கும் பின்னைப் பாருங்கள். கட்டையில் கத்தி மோதினால் அந்தப் பின் உடைந்து மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே மென்மையான போல்ட் போடுகிறார்கள். அங்கே உறுதியான கடின போல்ட் போட்டிருந்தால், அடி முழுக்கக் கியர்பெட்டி வாங்கியிருக்கிறது. கியர்பெட்டி ஆயிலை வடித்து விரலில் தேய்த்து, உலோகத் துகள் தட்டினால் ஸ்லாஷருக்கு என்று எதுவும் கொடுக்காதீர்கள்.