பேச்சு பிந்துது, ஊஃபர் விட்டுவிட்டு வருது: மன்னார்குடி நண்பருக்கு

வணக்கம் சார். சவுண்ட்பாரை (டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர்) டிவியோட புளூடூத்தில் இணைச்சிருக்கீங்க, உதடு அசைஞ்ச பிறகுதான் பேச்சு வருது, ரவுட்டர் பக்கத்தில் இருக்கிற ஊஃபரும் (கனத்த சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) நடுநடுவே நின்னுபோகுதுன்னு எழுதியிருந்தீங்க. அவசரப்பட்டு செட்டைத் திருப்பி அனுப்பிடாதீங்க.

புளூடூத் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரிக்குது. அதிலேயே 0.1, 0.2 நொடி போயிடும். பாட்டுக்குத் தெரியாது, படத்துக்குத் தெரியும். டிவி பின்னால் ஏஆர்சின்னு (டிவி சத்தத்தை வெளியே அனுப்புற வழி) எழுதின எச்டிஎம்ஐ துளையிலிருந்து பாருக்கு ஒரு கேபிள் போடுங்க. ஒயர்லெஸ்னு வாங்கிட்டு ஒயரான்னு கேப்பீங்க. ஊஃபருக்கும் கரண்ட் ஒயர் இருக்கே, அந்த மாதிரிதான்!

ஊஃபர் பல செட்டுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும், வைஃபையும் அந்தப் பாதையில் வரும். ரவுட்டரை ரெண்டு மீட்டர் தள்ளி வையுங்க, டிவியோட வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க.

எங்க வீடு கும்பகோணம் பக்கம், பழைய ஓட்டு வீடு, சிவப்பு சிமெண்டுத் தரை. முதல்ல ஊஃபரைக் கூடத்து மூலையில் வச்சேன். மூலை கனத்த சத்தத்தைப் பெருக்கிடும்; வசனமே கேக்காம ஒரே கும்கும். சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தி, முன்னால் கனமான ஜமக்காளம் விரிச்சதும் எதிரொலியும் மட்டுப்பட்டது.

சோதிக்க நாதஸ்வரக் கச்சேரி ஒண்ணு போடுங்க. தவிலோட தொப்பி (கனத்த ஓசை தர்ற பக்கம்) அடி தனித்தனியா விழணும். குழைஞ்சா ஊஃபர் அளவை ரெண்டு புள்ளி குறைங்க.

ஐப்பசி மழையில் இடி இடிச்சா, படம் பாதியில் நின்னாலும் பரவாயில்ல, பிளக்கைப் பிடுங்கிடுங்க.