ஃபைபர் படிப்பு என்றால் கேபிள் இழுக்கிற வேலையா?

மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கும் மகள் ஐ.டி. கம்பெனி ப்ளேஸ்மெண்டே வேண்டாம் என்கிறாள், ஆப்டிகல் ஃபைபரில் சிக்னல் ப்ராசஸிங் படிக்கப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தது ரோட்டோரம் குழி தோண்டிக் கேபிள் இழுக்கவா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் விடுங்கள் ஐயா. அவள் சொல்வது கேபிளின் கடைசியில் இருக்கிற சிப்புக்குள் நடக்கும் கணக்கு.

என்ன கணக்கு என்று கொஞ்சம் சொல்கிறேன். நீண்ட தூர ஃபைபரில் 1550 நானோமீட்டரை ஒட்டிய ஒளி போகிறது. டேட்டாவை ஏற்றியதும் அந்த ஒளி ஒரே அலைநீளமாக இல்லாமல் சற்றே அகன்றுவிடும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு அலைநீளமும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். இதைத்தான் டிஸ்பெர்ஷன் என்கிறார்கள். சாதாரண ஃபைபரில் ஒரு நானோமீட்டர் அகலத்துக்கு, கிலோமீட்டருக்குச் சுமார் 17 பிக்கோசெகண்ட் (விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) விலகல். சென்னையிலிருந்து கோவைக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 3,200 கோடி குறியீடுகள் (டேட்டாவைச் சுமக்கும் சிறு துடிப்புகள்) அனுப்பினால் ஒளி சுமார் கால் நானோமீட்டர் அகலும், ஒரு குறியீட்டுக்குக் கிடைக்கும் நேரமோ வெறும் 31 பிக்கோசெகண்ட். கோவை போய்ச் சேரும்போது அது 2,000 பிக்கோசெகண்டுக்கு மேல் பரவி, பக்கத்துக் குறியீடுகள் எழுபதோடு கலந்து கிடக்கும்.

முன்பெல்லாம் இதைச் சரிசெய்ய, எதிர்க்குணம் உள்ள வேறொரு ஃபைபர்ச் சுருளை வழியிலேயே வைப்பார்கள். 2008 வாக்கில் கோஹெரென்ட் ரிசீவர்கள் சந்தைக்கு வந்ததும் கதை மாறியது. அவை ஒளியின் வலிமையோடு ஃபேஸையும், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும், அளக்கின்றன. ஃபேஸ் தெரிந்துவிட்டால் ஃபைபர் செய்த குளறுபடியை, சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபோரியர் கணக்கிலேயே திருப்பிப் போட்டுவிடலாம், சுருளே வேண்டாம். ஒளி அலை அதிரும் திசையான போலரைசேஷன் ஓயாமல் மாறுவதற்கு, தன்னைத் தானே திருத்திக்கொண்டே இருக்கும் ஃபில்டர். லேசர் ஃபேஸின் நடுக்கத்துக்குத் தனி அல்காரிதம். ஒளியின் சக்தியைக் கூட்டினால் அந்த ஒளியே ஃபைபரின் குணத்தை மாற்றிவிடும் கெர் விளைவுதான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. கணக்கில் அதையும் திருப்பலாம். ஆனால் சிப் தின்னும் மின்சாரம் கட்டுப்படியாகாது. ஆராய்ச்சிக்கு இன்னும் இடம் இருப்பது அங்கேதான்.

சரி, வேலை கிடைக்குமா? ஒளித்துச் சொல்ல மாட்டேன்: நேராக இந்த வேலை என்று பார்த்தால் இடங்கள் குறைவு, பி.இ. மட்டும் போதாது. பெங்களூரில் தேஜஸ் நெட்வொர்க்ஸ், குருகிராமில் சியெனா, சிப் பக்கம் மார்வெல் என்று இந்தியாவிலேயே கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் அல்காரிதம் எழுதும் மூத்த குழுக்களில் பல ஒட்டாவா போன்ற வெளிநாட்டு ஊர்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இருந்தும் நான் தயங்காமல் ஆதரிப்பதற்குக் காரணம் உண்டு. இதற்காக அவள் படிக்கப் போகும் ஈக்வலைசர் (சிக்னலின் சிதைவைச் சரிசெய்வது), அடாப்டிவ் ஃபில்டர் (மேலே சொன்ன, தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஃபில்டர்), பிழைதிருத்தக் குறியீடு எல்லாம் 5ஜி மோடத்திலும் ரேடாரிலும் டேட்டா சென்டர் இணைப்புகளிலும் அப்படியே ஓடுகின்றன. ஃபைபரில் இடம் கிடைக்காவிட்டாலும் படித்தது வீண் போகாது. வெறும் ஃபைபர் பாகங்களை மட்டும் படிக்கும் கோர்ஸ் என்றால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆசை உண்மைதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. லேப்டாப்பில் பைத்தான் என்ற ப்ரோக்ராமிங் மொழியைத் திறந்து, நான்கு ஃபேஸ்களில் டேட்டாவை ஏற்றும் க்யூபிஎஸ்கே சிக்னல் ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். திரையில் நான்கு புள்ளிகள் தெரியும். 500 கிலோமீட்டர் டிஸ்பெர்ஷனைச் சேர்த்தால் நான்கும் கரைந்து ஒரே புகைமூட்டமாகிவிடும். பாடப்புத்தகச் சமன்பாட்டை வைத்து அவளே அதை மீண்டும் நான்கு புள்ளிகளாக்க வேண்டும். முடித்த கையோடு "அப்புறம் கெர் விளைவையும் சேர்த்தால்?" என்று தானாகக் கேட்டாள் என்றால் விட்டுவிடுங்கள், படிக்கட்டும். இரண்டு வாரமாகியும் ஃபைலைத் திறக்கவே இல்லை என்றால், யூடியூப் பார்த்து வந்த ஆசையாக இருக்கலாம். அவளிடமே பேசிப் பாருங்கள். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பரில் என்ன மார்க் என்பதையும் கேளுங்கள். அதில் அரியர் இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ப்ளேஸ்மெண்டை ஒதுக்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு பிப்ரவரியில் வரும், இ.சி. தாளை மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். ஐஐடி மெட்ராஸ் மின்பொறியியல் துறையில் எம்.டெக். தவிர ஆராய்ச்சி வழி எம்.எஸ்.ஸும் உண்டு, இவளுக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், அதனால் செலவை நினைத்துக் கலங்க வேண்டாம். நடுவில் ஐ.டி. ஆஃபர் வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். இரண்டு வருஷ பாண்ட், ஒரிஜினல் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.