குலவை யார் வீட்டுச் சொத்து?

கேள்வி: எங்கள் ஊர் முளைப்பாரியில் படித்த வீட்டுப் பெண்கள்கூடக் குலவை என்று கத்துகிறார்கள். இது அரபு நாட்டுப் பழக்கம், சொல்லும் அங்கிருந்துதான் வந்தது என்கிறான் சிங்கப்பூரில் இருக்கும் என் மகன். உண்மைதானா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: நாக்கைச் சுழற்றிக் குலவையிடும் பழக்கம் அங்கேயும் உண்டு. ஆப்பிரிக்காவில் உண்டு, வங்காளக் கல்யாணங்களிலும் உண்டு; அங்கே அதை 'உலு' என்பார்கள். நாக்கு எல்லோருக்கும் இருக்கிறதே! ஆனால் சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. அரபியில் அதற்குப் பெயர் 'ஸகாரீத்'. அதைத் தேய்த்துக் 'குலவை' ஆக்க எந்தச் செட்டிநாட்டு ஆச்சியாலும் ஆகாது.

குலவையின் பழைய வடிவம் குரவை. ரகரம் லகரமாவது தமிழுக்குப் புதிதல்ல. பந்தரைத்தானே பந்தல் என்கிறோம்? மலையாளத்தில் இன்றும் ரகரம் போகவில்லை, 'குரவ', 'வாய்க்குரவ' என்றே சொல்கிறார்கள். குரவை என்றால் முதலில் கைகோத்து வட்டமாக ஆடும் கூத்து. அப்புறம், பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் ஒலிக்கும் அதுவே பெயர். ஆட்டத்தோடு எழுந்த ஒலி ஆட்டத்தின் பெயரை வாங்கிக்கொண்டது என்பது என் கணிப்பு. தொல்காப்பியம் வென்ற மன்னனின் தேருக்கு முன்னும் பின்னும் ஆடும் குரவைகளைச் சொல்கிறது. ஆக, சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுமுன்பே சொல் இங்கே இருந்திருக்கிறது.

'கத்துகிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர், அதாவது இடையர் குலப் பெண்கள், குரவை ஆடியது குஷியில் அல்ல. குடத்துப் பால் உறையவில்லை, உறிவெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று பயந்து, மாடு கன்றின் துயர் தீரட்டும் என்று ஏழு பெண்களைக் குரல், துத்தம், கைக்கிளை என ஏழு சுரங்களாக நிறுத்தி, கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி ஆட வைக்கிறாள். மாரியம்மனிடம் மழையும் நோயற்ற வாழ்வும் கேட்டு முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்துக் குலவை போடும் உங்கள் ஊர்ப் பெண்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். நடவு வயலிலும், பொங்கல் பானை பொங்கும்போதும் எழுவதும் இதே ஒலிதான். கத்தல் என்றால் வாய் திறந்தால் போதும். குலவைக்கு மூச்சு நிற்க வேண்டும், நாக்கு ஓட வேண்டும், பக்கத்தில் இருப்பவள் விடும் இடத்தில் நீங்கள் எடுக்க வேண்டும்.

படித்த பெண்கள் போடலாமா? தாராளமாகப் போடலாம், பட்டம் வாங்கினால் நாக்கு மரத்துப்போவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் குலவை வரவில்லை என்பதுதான் வருத்தமென்றால், அதை நேராகவே கேட்டிருக்கலாம்.