ப்ரொபேட் விளம்பரம் வேறு, கடன் நோட்டீஸ் வேறு

உயில், வாரிசு வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில் இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அப்பாவின் உயிலுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ப்ரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) கேட்டு மனுப் போட்டபோது பேப்பரில் விளம்பரம் வந்தது. அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் அதுவே போதும்தானே மேடம்?

போதாது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். நீங்கள் பார்த்தது இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 283-இன்படி வந்த அறிவிப்பு. உயிலை ஆட்சேபிக்கிறவர்கள் வரலாம் என்று அழைப்பது அது. கடன் கொடுத்தவர்களுக்கானது பிரிவு 360. ‘இன்னார் இறந்துவிட்டார், அவரிடமிருந்து பணம் வரவேண்டியவர்கள் இந்தத் தேதிக்குள் எழுதுங்கள்’ என்று எக்சிகியூட்டர் (உயிலை நிறைவேற்ற உயிலில் நியமிக்கப்பட்டவர்), உயர் நீதிமன்ற விதிப்படி கொடுப்பது. அந்தக் கெடு முடிந்ததும், தனக்குத் தெரிந்த கடன்களை அடைத்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போடலாம். தெரியாத கடன் பிறகு முளைத்தால் அவர் தலையில் விழாது.

அண்ணன்தான் எக்சிகியூட்டர். ‘நோட்டீஸ் கொடுத்தாச்சு’ என்கிறார். எதைப் பார்த்து நம்புவது?

பேப்பரின் முழுப் பக்கத்தைக் கேளுங்கள். ஒருவர் கத்தரித்த துண்டோடு வந்தார். பின்பக்கத்தில் பாதி வாடகை வீட்டு விளம்பரம் இருந்தது. தேதியும் பதிப்பும் கத்தரியோடு போய்விட்டன. அதை வைத்து என்ன நிரூபிப்பது?

அப்புறம் பெயர். ஆதாரில் சுப்பிரமணியன், கடைத்தெருவில் ‘பாத்திரக்கடை மணி’ என்றால் இரண்டும் இருந்தால் நல்லது. நேரடியாகக் கடிதம் போனவர்களுக்கு ஒப்புகை அட்டை இருக்கிறதா, உள்ளே வைத்த கடிதத்தின் நகல் இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக, நோட்டீஸில் சொன்ன கெடு தேதியையும் பங்குப் பணம் வங்கியிலிருந்து போன தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கெடுவுக்கு முன்பே பணம் போயிருந்தால் 360 தரும் பாதுகாப்பு அந்தப் பணத்துக்குக் கிடைக்காது.

இதோடு, ப்ரொபேட் கிடைத்த 6 மாதத்தில் சொத்து, கடன் பட்டியலும் ஒரு வருடத்தில் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும் (பிரிவு 317). அவற்றின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த கடன் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இறந்தவருக்கு 3 லட்சம் கொடுத்திருந்தேன். அவர் மகனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன், ‘பார்க்கலாம் அண்ணே’ என்றார். அவர்தான் எக்சிகியூட்டர். இப்போது பேப்பரில் போட்டு, கெடு முடிந்து, பங்கும் பிரித்தாயிற்று என்கிறார். என் பணம் போச்சா?

போகவில்லை. தனக்குத் தெரியாத கடன்களுக்கு மட்டும்தான் எக்சிகியூட்டருக்குப் பாதுகாப்பு. ‘பார்க்கலாம் அண்ணே’ என்றவர் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருந்தாலும், பங்கு வாங்கியவர்களிடம் அந்தச் சொத்தைத் தொடர்ந்து போய்க் கேட்கும் உரிமையை அதே பிரிவு விட்டுவைத்திருக்கிறது. ஆனால் காலக்கெடுவைக் கவனியுங்கள். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 வருடம். ஓடத் தொடங்கிய அந்தக் கடிகாரம், கடன் வாங்கியவர் இறந்தார் என்பதற்காக நிற்காது.

இருப்பது 4 லட்சம், கடன் 8 லட்சம். தினமும் வீட்டு வாசலில் வந்து கத்துகிற மாமாவுக்கு முதலில் கொடுத்துவிடலாமா?

கூடாது. நியாயமான ஈமச்செலவு, கடைசிக்கால மருத்துவச் செலவு முதலில். (பதினாறாம் நாள் விருந்தையெல்லாம் இதில் ஏற்றாதீர்கள்!) அடுத்து ப்ரொபேட் செலவு. அதன்பின், இறப்பதற்கு முந்தைய 3 மாதத்தில் வேலை செய்த வீட்டுப் பணியாளர், கூலியாள் சம்பளப் பாக்கி. மீதியை மற்ற கடன்களுக்குச் சம விகிதத்தில் பிரிக்க வேண்டும். ஒரு உதாரணத்துக்கு, அந்தச் செலவுகள் போக 3 லட்சம் மிஞ்சி, மற்ற கடன் 6 லட்சம் என்றால் எல்லோருக்கும் ரூபாய்க்கு 50 காசு. மாமாவுக்கும் அதே 50 காசுதான். வீட்டை அடமானம் பிடித்த வங்கிக்கு வீட்டின் மேல் உள்ள உரிமை தனி.

மிச்சத்தை மகன் தன் சம்பளத்திலிருந்து கட்டணுமா?

வேண்டாம். வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்து எங்காவது போட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.