கைநாட்டு வைத்தால் கணினி திறக்குமா?

போன இதழில் பாஸ்வேர்டுகளைப் பற்றி எழுதும்போது, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கைரேகை ரீடர் வாங்கி மாட்டிவிட்டேன், இப்போதெல்லாம் விரலை வைத்தால் போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதம் கேள்விகள் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க விரல்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண டெஸ்க்டாப். கைரேகை ரீடர் தனியாக வாங்கி மாட்டலாமா? பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஆதார் வேலைக்கு வைத்திருந்த பழைய விரல்ரேகைக் கருவி ஒன்று சும்மா கிடக்கிறது, தருகிறேன் என்கிறார். அது போதாதா?
– திண்டுக்கல் வாசகர்

மாட்டலாம். ஆனால் ஜெராக்ஸ் கடைக் கருவி வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஆதார் கருவியின் வேலை வேறு. அது உங்கள் ரேகையைப் படித்து, குறியாக்கம் செய்து (அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றி), ஆதார் சர்வரிடம் அனுப்பி 'இவர் இவர்தானா' என்று கேட்பதற்காகச் செய்யப்பட்டது. விண்டோஸுக்குள் நுழைய வேண்டுமென்றால் ரீடர் விண்டோஸோடு நேரடியாகப் பேச வேண்டும், அதற்குத் தனி டிரைவர், அதாவது கருவியை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சின்ன மென்பொருள் வேண்டும். விரலையோ முகத்தையோ வைத்து விண்டோஸைத் திறக்கும் வசதிக்கு 'விண்டோஸ் ஹலோ' என்று பெயர், வாங்கும்போது பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுக்கு, பென் டிரைவின் தலையை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். டிரைவரைப் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே இறக்கிக்கொள்ளும்.

கூடவே ஒரு சின்ன யுஎஸ்பி நீட்டிப்பு வயரும் வாங்கிவிடுங்கள். நான் முதலில் சிபியு பெட்டியின் பின்பக்கம் செருகிவிட்டு, ஒரு வாரம் மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். அதற்குப் பாஸ்வேர்டையே அடித்திருக்கலாம்.

செருகிய பிறகு செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ். விரலைக் கேட்பதற்கு முன் உங்களை ஒரு பின் நம்பர் வைக்கச் சொல்லும். 'விரல்தான் இருக்கிறதே, இது எதற்கு' என்று 1234 போட்டுவிடாதீர்கள். விரலை ஏற்காத நேரத்தில் கம்ப்யூட்டர் கேட்கப்போவது அந்த நம்பரைத்தான். அதாவது பூட்டு அந்த நம்பர்தான், விரல் அதற்கு ஒரு குறுக்குவழி.

கேள்வி: லேப்டாப்பில் கணவர் விரலை வைத்தால் உடனே திறக்கிறது. என் விரலை வைத்தால் நாலு தடவையில் மூன்று தடவை 'மறுபடி முயலவும்' என்கிறது. ரேஷன் கடையிலும் எனக்கு இதே கதைதான். என் கையில்தான் கோளாறா?
– விருதுநகர் வாசகி

கையில் கோளாறு இல்லை அம்மா, கை செய்கிற வேலையில் இருக்கிறது. பாத்திரம் தேய்ப்பவர், சிமென்ட் சுண்ணாம்பில் புழங்குபவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், வயதானவர் எல்லாருக்கும் ரேகையின் மேடுகள் தேய்ந்து தட்டையாகிவிடும். ரேஷன் கடைகளில் இந்தத் தொல்லை தாங்காமல்தான் கருவிழியைப் படிக்கும் கருவியும் கொண்டுவந்தார்கள்.

லேப்டாப்பில் இருக்கும் ரீடர் பெரும்பாலும் உங்கள் விரலைப் படம் எடுப்பதில்லை. அதன் பரப்புக்கு அடியில் நுண்ணிய மின்தகடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ரேகையின் மேடு தொடும் இடத்தில் மின் அளவு ஒரு மாதிரியும், பள்ளத்தில் நடுவே காற்று இருப்பதால் வேறு மாதிரியும் இருக்கும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கோடுகளை வரைகிறது. இதனால் இரண்டு தொல்லை. தோல் வறண்டிருந்தால் மேடுகூடச் சரியாகப் பதியாது. ஈரமாக இருந்தால் தண்ணீர் பள்ளத்தை நிரப்பிவிடும், மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். பாத்திரம் கழுவிவிட்டு முந்தானையில் அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு வந்து வைத்தால் அது என்ன செய்யும் பாவம்.

முதலில், பதிந்து வைத்த விரலை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள், ஆனால் குளித்துவிட்டுப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அல்ல. எந்த நேரத்தில், எந்த நிலையில் கையோடு லேப்டாப்பைத் திறப்பீர்களோ அப்போது பதியுங்கள். பதியும்போது விரலின் நடுப்பகுதியை மட்டும் பத்து தடவை வைக்காமல் ஓரம், நுனி, சாய்வு என்று மாற்றி மாற்றி வையுங்கள். அடுத்து, வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிடுங்கள், அவைதான் அதிகம் தேய்கிற விரல்கள். இடது கை மோதிர விரலை முயன்று பாருங்கள், பலருக்கு அது புதுசு மாதிரி இருக்கும். விண்டோஸில் ஓர் ஆள் பத்து விரலையும் பதியலாம், ஒரே விரலை இரண்டு தடவை வேறு வேறு விரல் என்று சொல்லிப் பதிந்து வைப்பவர்களும் உண்டு. தோல் வறட்சி என்றால் ஒரு துளி தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்து, பிறகு துடைத்துவிட்டு வையுங்கள். ரீடரில் எண்ணெய் படிந்தால் அதையும் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். விண்டோஸ் ஹலோ ரீடர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் அளவுகோலே, சரியான ஆளைத் தவறாகத் திருப்பி அனுப்புவது 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பதுதான். பத்தில் ஒன்று வரை தவறலாம் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். தவறான ஆளை உள்ளே விடுவதில்தான் கறார், அது 0.002 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றை இறுக்கினால் இன்னொன்று தளரும், இந்த வேலையின் இயல்பு அப்படி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் யாராவது புற்றுநோய்க்கு கேப்சிட்டபைன் என்ற மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், அது உள்ளங்கைத் தோலை உரித்து ரேகையையே மறைத்துவிடுவது உண்டு. சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன ஒருவரை ரேகை இல்லை என்று விமான நிலையத்தில் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்ததை 2009-ல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை விரலை வைக்கச் சொல்லிப் படுத்தாமல் பின் நம்பரோடு விட்டுவிடலாம்.

கேள்வி: தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவள் நான். 'கைநாட்டு' என்று யாரையும் சொல்லக் கூடாது என்பதற்காக அத்தனை பாடுபட்டோம். இப்போது படித்தவர்கள் எல்லாம் மறுபடி கைநாட்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுக்கோட்டை

டீச்சர், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் நாட்டில் ரேகை எடுக்கும் வழக்கத்தின் ஆரம்பத்தைத் தேடிப் போனால் எழுதத் தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலை போடச் சரக்கு தருவதாக ஒப்பந்தம் எழுதிய ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்னால் பதிய வைத்தார். காரணம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு 'இது என் கையெழுத்தே இல்லை' என்று மறுப்பவர்களைப் பார்த்து அவர் சலித்துப் போயிருந்தார். ஆக, கையெழுத்தை நம்பாமல்தான் ரேகையைக் கேட்டார்கள். உங்கள் பாட்டிமார்கள் போட்ட கையெழுத்தின் மதிப்பு அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: என் ரேகை அமெரிக்காவில் எங்காவது சேமிக்கப்படுகிறதா? பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரல் போனால் என்ன செய்வது?
– சேலம் வாசகர்

நியாயமான பயம், சும்மா தட்டிவிட முடியாது. 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்தில் புகுந்தவர்கள் 56 லட்சம் பேரின் ரேகைப் பதிவுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அத்தனையையும் ஒரே இடத்தில் குவித்து வைத்ததால் வந்த வினை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்பாடு வேறு. உங்கள் விரலின் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்ற கணக்கு மட்டும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே தங்குகிறது. மைக்ரோசாஃப்டுக்கோ ஆப்பிளுக்கோ போவதில்லை. விரல் பொருந்தினால், கம்ப்யூட்டருக்குள் டிபிஎம் என்ற தனிச் சில்லில் இருக்கும் சாவி வேலை செய்ய அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் விரலை முதலிலிருந்து மறுபடி பதிய வேண்டியிருக்கிறது.

எப்போதும் இப்படி ஒழுங்காக இருந்தது என்று நினைக்காதீர்கள். 2004-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு கைரேகை ரீடர் விற்றது, முக்கியமான தகவல்களைப் பாதுகாக்க இதை நம்ப வேண்டாம் என்று அவர்களே அதோடு எச்சரிக்கையும் கொடுத்தார்கள். 2012-ல், அப்போது பல லேப்டாப்புகளில் வந்துகொண்டிருந்த யூபெக் நிறுவனத்தின் மென்பொருள், விண்டோஸ் பாஸ்வேர்டையே லேசாகக் குழப்பி மட்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருந்தது அம்பலமானது. அந்தக் காலத்து லேப்டாப் இன்னும் யாரிடமாவது ஓடிக்கொண்டிருந்தால் அதில் விரல் வேண்டாம்.

கேள்வி: ஃபெவிகாலில் விரல் செய்து ஏமாற்றலாம் என்கிறார்களே, உண்மையா?
– நாகர்கோவில் கல்லூரி மாணவர்

ஏறக்குறைய உண்மைதான் தம்பி. 2013 செப்டம்பரில் ஆப்பிள் ஐஃபோன் 5எஸ்-ல் கைரேகையைக் கொண்டுவந்து சில நாள்கூட ஆகவில்லை, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் ஆட்கள் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படம் எடுத்து, அதிலிருந்து மெல்லிய ரப்பர் உறை போல ஒன்று செய்து திறந்து காட்டிவிட்டார்கள். 2023-ல் பிளாக்விங் என்ற ஆய்வாளர் குழு இன்னொரு வழியில் போனது. டெல், லெனோவோ, மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் மூன்றிலும் ரீடருக்கும் விண்டோஸுக்கும் நடுவே நடக்கும் பேச்சில் குறுக்கே புகுந்து உள்ளே போனார்கள், போலி விரலே தேவைப்படவில்லை. இந்தப் பேச்சைப் பாதுகாக்க மைக்ரோசாஃப்டே ஒரு முறை வைத்திருந்தது, மூன்றில் இரண்டு கருவிகளில் அதை இயக்கியே வைக்கவில்லை. சோதிக்கச் சொன்னதும் மைக்ரோசாஃப்ட்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டு வரப்போவதில்லை. வீட்டில் நடப்பது ரொம்பச் சாதாரணம். 2017 நவம்பரில் தோஹாவிலிருந்து பாலிக்குப் போய்க்கொண்டிருந்த விமானம் திடீரென்று சென்னையில் இறங்கியது நினைவிருக்கிறதா? தூங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை எடுத்து அவர் ஃபோனில் வைத்துத் திறந்துவிட்டார் மனைவி. உள்ளே இருந்த விஷயத்தைப் பார்த்த பிறகு நடந்த சண்டையில் விமானத்தையே திருப்ப வேண்டியதாயிற்று. பாஸ்வேர்டு என்றால் தூங்குகிறவரிடமிருந்து எடுக்க முடியாது.

இன்னொன்று: விரல் காப்பது கதவை மட்டும்தான். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர் கதவு வழியாக வர மாட்டார், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பார். டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால்தான் அங்கே தடை. விரலைப் பதிந்த கையோடு அது இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன்கள் ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்கள். ஒருவன் விரலுக்கு இன்னொருவன் கணக்கு திறக்குமா?
– காரைக்குடி வாசகி

திறக்காது. கருவிலேயே ரேகை அவரவர்க்குத் தனியாகிவிடுகிறது. முகத்தை வைத்துத் திறக்கும் கேமராவைத்தான் உங்கள் வீட்டில் நம்பக் கூடாது.

கேள்வி: மேக்கில் விரல் பதிந்திருந்தும் சில நேரம் பாஸ்வேர்டு கேட்கிறதே? உபுண்டுவிலும் உள்ளே போன பிறகு ஒரு தடவை கேட்கிறது.
– கோவை வாசகர்

இரண்டும் பழுது இல்லை. மேக்கை அணைத்துப் போட்டால் முதல் தடவை பாஸ்வேர்டுதான். 48 மணி நேரம் திறக்காமல் கிடந்தாலும், ஐந்து தடவை விரல் பொருந்தாவிட்டாலும் கேட்கும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான உபுண்டுவில் சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் சாவிக்கொத்தை உங்கள் பாஸ்வேர்டை வைத்தே பூட்டியிருக்கிறார்கள், விரலிலிருந்து அந்த எழுத்துகளை உருவாக்க முடியாது.

கேள்வி: எனக்கு 71 வயது. வங்கி, வரி, பென்ஷன் காகிதம் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. விரலை வைத்தே பழகிவிட்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் எப்படித் திறப்பார்கள்?
– தஞ்சாவூர் வாசகர்

ஐயா, உங்களுக்கு ஏதும் ஆக வேண்டாம், கம்ப்யூட்டருக்கு ஆனாலே போதும். எனக்கு அதுதான் நடந்தது. ஒன்றரை வருடம் விரலை மட்டுமே வைத்துத் திறந்துகொண்டிருந்தேன். போன வருடம் இடி இறங்கி மதர்போர்டு போனது. பழுது பார்ப்பவர் புதுசு மாட்டிக் கொடுத்தார். ஆனால் விரலும் பின் நம்பரும், டிஸ்க்கின் குறியாக்கத்தைத் திறக்கும் சாவியும் பழைய போர்டில் இருந்த சில்லோடு கட்டப்பட்டவை. நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண் கேட்டது. அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு? ஒன்றரை வருடமாக அடிக்காத ஒன்று விரலுக்கும் ஞாபகம் இல்லை, மூளைக்கும் இல்லை. அதை மீட்டு எடுக்க இரண்டு நாள் ஆனது, அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

அதனால் மாதம் ஒரு தடவையாவது வேண்டுமென்றே பாஸ்வேர்டை அடித்து உள்ளே போங்கள். மீட்பு எண், பாஸ்வேர்டு, பின் நம்பர் மூன்றையும் ஒரு தாளில் கையால் எழுதி, உயிலும் எல்ஐசி பத்திரமும் இருக்கிற இடத்தில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவரின் விரலையும் உங்கள் கணக்கிலேயே பதிந்து வைக்கலாம், ஆனால் அது தாளுக்கு மாற்று ஆகாது. என் தாள் பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது, மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இன்றைக்கே இடத்தை மாற்ற வேண்டும்.