பிரிட்டனில் வீட்டுச் சமையலறைக்கு கேபினெட்டுக்குள் பொருத்தும் இரட்டை எலெக்ட்ரிக் ஓவன் வாங்குகிறோம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பிராண்டு பிறகு. முதலில் டேப்பை எடுத்து, ஓவன் உட்காரப்போகும் இடத்தை அளந்துகொள்ளுங்கள். இரட்டை ஓவன் என்ற ஒரே பெயரில் அங்கே இரண்டு வகை விற்கிறது. உயரமான கேபினெட்டில் கண் மட்டத்தில் பொருத்துவது சுமார் 89 செ.மீ. உயரம், மேடைக்கு அடியில் போவது சுமார் 72 செ.மீ. இரண்டுமே 60 செ.மீ. அகல கேபினெட்டுக்கானவை என்பதால் இணையத்தில் ஆர்டர் போடும்போது மாற்றி எடுத்துவிடுவது சகஜம்.

72 செ.மீ. வகை வேண்டாம் என்பேன். குறையும் உயரத்தில் பெரும்பகுதி கீழ் ஓவனில்தான் போகிறது. பல மாடல்களில் அது 50 லிட்டரை ஒட்டியே இருக்கும். கிறிஸ்துமஸ் வான்கோழிக்கு இடம் போதாது. மேடைக்கு அடியில் மட்டுமே இடம் என்றால், 70 லிட்டர் ஒற்றை ஓவனே மேல்.

அடுத்தது வயரிங். இரண்டு ஓவனும் சேர்ந்து 5 முதல் 7 கிலோவாட் வரை இழுக்கும். சாதாரண 13 ஆம்பியர் பிளக் தாங்குவது 3 கிலோவாட்தான். ஆகவே பிளக்கில் மாட்டும் பேச்சே இல்லை. 32 ஆம்பியர் பிரேக்கரிலிருந்து தனி லைன் வர வேண்டும், பெரும்பாலும் 6 சதுர மி.மீ. கேபிளில். பழைய ஒற்றை ஓவன் பிளக்கில் ஓடியிருந்தால் இந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் புது லைன் இழுத்தால் கட்டட விதிகளின்படி தெரிவிக்க வேண்டும். பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் என்றால் சான்றிதழை அவரே தந்துவிடுவார்.

விளம்பரத்தில் வரும் வசதிகள் எந்த ஓவனில் இருக்கின்றன என்று தனித்தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் சூடான காற்றைச் சுழற்றும் ஃபேன் கீழே மட்டும், மேலிருந்து நேரடிச் சூட்டில் வாட்டும் கிரில் மேலே மட்டும். அப்படியானால் மேலே கிரில் ஓடும்போது அதில் கேக் வைக்க முடியாது. 500 டிகிரி அளவுக்குச் சூடேறி அழுக்கைச் சாம்பலாக்கும் பைரோலிட்டிக் வசதியும் பல மாடல்களில் கீழ் ஓவனுக்கு மட்டுமே. மின் சிக்கன லேபிளும் ஓவனுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும், இரண்டையும் படியுங்கள். தினசரி இரண்டு பேருக்குச் சமைக்க மேல் ஓவனே போதும், சீக்கிரம் சூடேறும். இரட்டை ஓவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு உண்மையான பலன் அதுதான்.

பொருத்துபவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது காற்றோட்டம். கேபினெட்டின் பின்பலகையை வெட்டி, சூடு மேலே ஏற வழிவிட வேண்டும்; எவ்வளவு இடைவெளி என்பது கையேட்டில் உண்டு. அடைத்துவிட்டால் சூடு தேங்கி, பாதுகாப்பு கட்-அவுட் விழுந்து ஓவன் நடுவில் நின்றுவிடும். வயர் இணைப்புப் பெட்டி ஓவனுக்கு நேர் பின்னால் வந்தாலும் தொல்லைதான், ஓவன் முழுதாக உள்ளே போகாமல் முன்னால் துருத்தி நிற்கும்.

ஃபேனைச் சுற்றியுள்ள வளைய எலிமென்ட் தேயும் பாகம். ஃபேன் ஓடியும் சூடு வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். ஓவனைப் போட்டதும் ஆர்.சி.டி. (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தாலும் எலிமென்ட்டின் இன்சுலேஷன் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும் முன் மாடல் எண்ணைப் போட்டு அந்த எலிமென்ட்டும் கதவுக் கீலும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.