விக்காவின் வயது

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் படிக்கும் என் தோழி விக்கா என்ற மதத்தைப் பின்பற்றும் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறாள். தங்கள் வழிபாட்டையும் சடங்குகளையும் பழைய சூனியக்கலை என்கிறது அந்த மதம். பௌர்ணமி இரவுகளில் கூடி வழிபடுகிறார்கள். கிறிஸ்தவத்துக்கும் முந்தைய மதம் இது, சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்ட பெண்கள் ரகசியமாகக் காத்துத் தந்தது என்கிறாள். ஆனால் 1950களில் உருவானது என்று நான் படித்தேன். அப்படியென்றால் இது போலிதானே? அவளிடம் சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது சரி. அதனால் அது போலி ஆகிவிடாது.

விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவர். 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய குழு தனக்குத் தீட்சை தந்ததாகச் சொன்னார். சூனியம் தொடர்பான பிரிட்டிஷ் சட்டம் 1951இல் நீங்கியது. 1954இல் இந்தச் சூனியக்கலை பற்றிய கார்ட்னரின் புத்தகம் வந்தது. முன்னுரை எழுதியவர் மார்கரெட் மர்ரே. சூனிய வழக்குகளில் சிக்கியவர்கள் ஒரு பழைய மதத்தைப் பின்பற்றியவர்கள் என்று 1921இலேயே வாதிட்டவர் அவர். வரலாற்றாசிரியர்கள் அந்த வாதத்தை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். உங்கள் தோழி சொல்வது அதன் மிச்சம்.

1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்ட், அவருடைய சடங்கு உரைகளில் அலைஸ்டர் கிரௌலி என்ற ஆங்கில மாந்திரீக எழுத்தாளரின் வரிகள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பலவற்றை எடுத்துவிட்டுத் திருத்தி எழுதினார். இன்று பௌர்ணமிக் கூட்டங்களில் மனமுருகிச் சொல்லப்படும் வரிகளில் பல அவர் கையிலிருந்து வந்தவை. ஒரு நல்ல கவிஞர் எழுதிய பிரார்த்தனை, எழுதப்பட்ட ஆண்டு தெரிந்துவிட்டதால் பொய்யாகிவிடுமா? விக்காக்காரர்களிலேயே பலர் இந்த வரலாற்றை ஏற்றுக்கொண்டுதான் வழிபாட்டைத் தொடர்கிறார்கள்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. கொல்லப்பட்ட பெண்களைத் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்வது. ஐரோப்பாவில் சூனிய வழக்குகளில் மரண தண்டனை பெற்றவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை. அவர்களில் ஆண்களும் உண்டு. இங்கிலாந்தில் எரிக்கவில்லை, பெரும்பாலும் தூக்கில்தான் போட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணக் கிறிஸ்தவர்கள். சித்திரவதையில்தான் பலர் 'ஆம்' என்றார்கள். சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண்ணின் தலையை 1782இல் வெட்டினார்கள். 2008இல்தான் அவர் நிரபராதி என்று அந்த மாநிலம் அறிவித்தது. இவர்களைச் சூனியக்காரிகள் என்று இன்று நாம் பெருமையோடு சொன்னாலும், அன்றைய நீதிபதி சொன்னதைத்தான் திரும்பச் சொல்கிறோம்.

உண்மையிலேயே பழைய மந்திரவேலை ஒன்று இருந்தது. நோய்க்கு மந்திரிப்பது, தொலைந்த பொருளைக் கண்டுபிடிப்பது, வைத்த சூனியத்தை எடுப்பது. அதைச் செய்தவர்கள் பைபிளின் சங்கீத வரிகளையும் புனிதர்களின் பெயர்களையும்தான் உச்சரித்தார்கள். விக்காவுக்கு முந்தைய மரபு தங்களுடையது என்று 1960களிலிருந்து சொல்லிவரும் குழுக்களும் உண்டு. அதற்கும் உறுதியான சான்று இல்லை.

சரி, தோழியிடம் சொல்லலாமா? சொல்லுங்கள், ஆனால் அவளுடைய வழிபாட்டைக் குறைத்துப் பேசாமல். அவள் நிலவைப் பார்த்து வணங்குவதற்கு யாருடைய வம்சாவளியும் தேவையில்லை. ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். 'இது ஆதிகாலத்து முறை, கேள்வி கேட்காதே' என்று அந்தக் குழுவின் தலைவர் எப்போதாவது சொல்கிறாரா? பழமையைக் காட்டிப் பணமோ உடலோ கீழ்ப்படிதலோ கேட்கிறாரா? அப்படியென்றால் அந்தக் குழுவை விட்டு வந்துவிடச் சொல்லுங்கள். தனியாகவே விக்காவைப் பின்பற்றுகிறவர்கள் ஏராளம்.